கவுண்டி கோர்ட்டில் பழைய வழக்கின் நகல் கேட்டுப் போனவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வைகைக்கரையான் (ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்)

குடியுரிமை நேர்காணலுக்காகக் கோர்ட் நகல் வாங்க அலைந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நான் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தக் கவுன்டர் இன்னும் கண்ணில் நிற்கிறது.

2014இல் ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் காரைப் பின்னால் எடுத்தபோது, நின்றிருந்த இன்னொரு காரை உரசிவிட்டேன். பயத்தில் பெயரும் எண்ணும் எழுதி வைக்காமல் வந்துவிட்டேன். சேதம் 200 டாலரை எட்டினால் டெக்சாஸில் அது கிளாஸ் பி குற்றம். கேமராவில் பார்த்து வீட்டுக்கு வந்தார்கள். சேதத்துக்குப் பணம் கட்டினேன், வழக்கு தள்ளுபடி ஆனது. வக்கீல் கொடுத்த தாள்கள் வீடு மாறியதில் தொலைந்துபோயின. குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவம் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். தள்ளுபடி ஆனதையும் சொல்ல வேண்டும், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குச் சான்றளித்த நகலும் வைக்க வேண்டும்.

காலின் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) இணையத்தில் தேடினேன், ஒன்றும் இல்லை. அந்தக் கவுண்டியின் கோர்ட் இருக்கும் மெக்கின்னிக்கு நேரிலேயே போனேன். கவுன்டரில் இருந்த அம்மையார், "சம்பவம் எந்த இடத்தில் நடந்தது?" என்று மட்டும் கேட்டார். தெருவின் பெயரைச் சொன்னதும், "அந்தப் பக்கம் டென்டன் கவுண்டி" என்றார். ஃபிரிஸ்கோ இரண்டு கவுண்டியிலும் பரவிக் கிடக்கிறது. பத்து வருடம் குடியிருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை. வீடு எங்கே இருக்கிறது என்பதை வைத்து வழக்கு பதிவாவதில்லை, குற்றம் நடந்த மண் எந்தக் கவுண்டியோ அங்கேதான்.

டென்டனில் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போனேன். இந்த மாதிரிச் சிறிய குற்றங்கள் அவர்களிடம், ஃபெலனி என்னும் பெரிய குற்ற வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். என் பெயரைக் கொடுத்தேன், இல்லை. பிறந்த தேதி கொடுத்தேன். அந்த இளைஞர் திரையை என் பக்கம் திருப்பி, "இவரா நீங்கள்?" என்று கேட்டார்.

முதலில் இருந்தது என் அப்பாவின் பெயர். பெரிய எழுத்தில். ஒரு காற்புள்ளி, அதற்குப் பிறகு என் பெயர். பக்கத்தில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று.

அன்று இரவு போலீஸ்காரர் "கடைசிப் பெயர் என்ன?" என்று கேட்டபோது அப்பாவின் பெயரைச் சொன்னது நான்தான். அப்போது என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பிறகு புதுப்பித்தபோது என் பெயரையே அங்கே போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தப் பதிவில் அப்பாதான் முன்னால் நிற்கிறார். மானாமதுரைப் பக்கம் 34 வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். காவல் நிலைய வாசலைக்கூட மிதித்ததில்லை. "ஆம், அது நான்தான்" என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ராரிட்டன் ஓரம் (நியூ ஜெர்சி)

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இது அம்மாவுக்கு நடந்தது.

2017இல் என் பிரசவத்துக்கு வந்திருந்தார். கடையில் குழந்தை வண்டியின் அடித்தட்டில் ஒரு துணிப் பொட்டலம் கிடந்ததைப் பில் போடாமல் வெளியே வந்துவிட்டோம். வண்டியைத் தள்ளியது அம்மா, அதனால் வழக்கு அம்மா மீது. விசாரணைக்கு ஒரே ஒரு நாள் போனோம், தள்ளுபடி செய்தார்கள். 2023இல் சென்னையில் மறுபடி விசாவுக்குப் போனபோது அந்த வழக்கின் முடிவைக் கொண்டு வரச் சொன்னார்கள்.

நான் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போய்ப் பாதி நாள் நின்றேன். அங்கே அப்படி ஒரு வழக்கே இல்லை. நியூ ஜெர்சியில் 200 டாலருக்குக் குறைந்த கடைத் திருட்டு கவுண்டிக்கே போகாது, அந்த ஊரின் முனிசிபல் கோர்ட்டோடு முடிந்துவிடும். கடை இருந்த ஊரின் முனிசிபல் கோர்ட்டில் வழக்கு எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். தாளின் கீழே மேடாக அழுத்திய முத்திரை. ஸ்கேனில் அது தெரியாது என்பதால் அசலையே கூரியரில் கும்பகோணத்துக்கு அனுப்பினேன்.

தாள் கிடைத்த அன்று அம்மா அழைத்தார். "முத்திரையைத் தடவிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொன்னேன். நான் எடுக்கவில்லை என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 'தள்ளுபடி' என்ற ஒரு சொல்லும் ஒரு தேதியும்தான் இருந்தன. அம்மாவிடம் என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பாலாறு (சான்டா கிளாரா, கலிபோர்னியா)

என் கதை சிறியது. 2006இல் ஒரு மிஸ்டிமீனர், அதாவது சிறிய குற்ற வழக்கு. 2019இல் நகல் கேட்டபோது, பதிவை அழித்துவிட்டோம் என்று முத்திரையுடன் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் மேலே எழுதிய இருவரும் இத்தனை அலைந்ததைப் படிக்கும்போது சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில், வீட்டிலிருந்தே தேடி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்ற நினைப்பை விடுங்கள். பலர் பேசர் தளத்தில் கணக்குத் தொடங்கி, பக்கத்துக்கு 10 சென்ட் கொடுத்துத் தேடிவிட்டு, 'என் மீது ஒன்றுமில்லை' என்று நிம்மதி அடைகிறார்கள். அது மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டுகளுக்கானது. கவுண்டி வழக்கு எதுவும் அதில் வராது. கலிபோர்னியாவில் 58 கவுண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் தனித் தேடல். வழக்கின் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம், ஆனால் குற்ற வழக்கின் உள்ளே இருக்கும் தாள்களைப் பொதுமக்கள் கோர்ட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். 2021இல் ரிவர்சைடு கவுண்டி தொடர்பாக ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. பொதுத் தேடலில் பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ கொடுத்துத் தேட வசதி செய்வது விதிக்குப் புறம்பு என்றது. எனவே பெயர் மட்டும்தான் மிச்சம். நம் பெயர்களோ இனிஷியலும் அப்பா பெயருமாக ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆகவே வழக்கு எண்தான் முக்கியம். பழைய டிக்கெட், ஜாமீன் ரசீது, வக்கீலின் மின்னஞ்சல் என்று எதிலாவது அந்த எண் இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

கட்டணமும் தெரிந்திருக்கட்டும். எங்கள் மாநிலச் சட்டப்படி நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றளிக்க 40 டாலர், கிளார்க் 10 நிமிடத்துக்கு மேல் தேட நேர்ந்தால் 15 டாலர். சாதாரண மிஸ்டிமீனர் கோப்பை ஐந்து வருடத்துக்குப் பிறகு அழித்துவிடலாம், குடிபோதையில் ஓட்டிய வழக்கு என்றால் பத்து வருடம். எனவே தள்ளிப்போடாதீர்கள். எந்தக் கவுண்டி என்றே நினைவில்லாதவர்கள் 18 டாலர் கட்டி எஃப்பிஐயிடம் தங்கள் சொந்தப் பதிவை வாங்கிப் பாருங்கள். கைரேகை கேட்பார்கள். அதில் கைது இருக்கும், வழக்கு எப்படி முடிந்தது என்பது பல நேரம் இருக்காது, ஆனால் எந்த ஊர், எந்தத் தேதி என்ற நூல் கிடைத்துவிடும்.

பதிவை நீக்க மனுப் போடுகிறவர்கள் மனுவுக்கு முன்பே மூன்று நான்கு சான்றளித்த நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு கிளார்க்கே எடுக்க முடியாமல் போகலாம், குடியுரிமை அலுவலகமோ நீக்கியதையும் கேட்கும். நியூ ஜெர்சி சகோதரிக்கு ஒன்று: தள்ளுபடி என்ற பிறகு அம்மா கவலைப்பட ஒன்றுமே இல்லை. தள்ளுபடி என்றால் தள்ளுபடிதான்.

செங்காந்தள் (வர்ஜீனியா)

பாலாறு அவர்களே, கடைசி வரியை அப்படியே விட முடியாது. இதை நம்பி நேர்காணலுக்குப் போய் மாட்டிக்கொண்டவர் என் நெருங்கிய உறவினர்.

தள்ளுபடி எப்படி ஆனது என்பதுதான் கேள்வி. குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது ஒரு நிபந்தனையோ கண்காணிப்புக் காலமோ விதித்து, அதை முடித்த பிறகு தள்ளுபடி ஆகியிருந்தால், 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எண்ணும். டெக்சாஸில் தீர்ப்பைத் தள்ளிவைக்கும் டெஃபர்டு அட்ஜுடிகேஷன் இந்த வகைதான். எனவே கடைசி உத்தரவை மட்டும் கேட்காதீர்கள். என்ன குற்றச்சாட்டு, என்ன பதில் சொன்னீர்கள், என்ன உத்தரவு என்ற மூன்று தாளுக்கும் சான்றளித்த நகல் கேளுங்கள். சகோதரியின் அம்மா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன், அப்படியானால் பயமில்லை.

என்னுடையது வேகம். 2018இல், 70 மைல் எல்லையுள்ள சாலையில் 82. அதிகாரி ஒரு மஞ்சள் தாள் கொடுத்தார், அபராதம் கட்டினேன், மறந்தேன். அப்போது வர்ஜீனியாவில் 80ஐத் தாண்டினாலே ரெக்லெஸ் டிரைவிங் (பொறுப்பற்று ஓட்டுதல்), அதாவது ஒரு வருடம் வரை சிறை தரக்கூடிய கிளாஸ் 1 மிஸ்டிமீனர். 2020 ஜூலையில்தான் அதை 85 ஆக்கினார்கள். நான் அதை வெறும் டிக்கெட் என்று நினைத்துப் படிவத்தில் 'இல்லை' என்று குறித்தேன்.

நேர்காணலில் அந்த அம்மையார் குரலை உயர்த்தவே இல்லை. என் படிவத்தில் அந்த 'இல்லை'யைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். "இதை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?" என்றார். மகன் படிக்கும் பள்ளியில் உண்மை பேசுவதைப் பற்றி நான் சென்ற வாரம்தான் குழந்தைகளிடம் பேசியிருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று ஒரு கணமும் நினைத்ததில்லை. ஆனால் அந்த அறையில் அதை எப்படி நிரூபிப்பது?

ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் இணையத்தில் வழக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. போவதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. அங்கே பத்து வருடம்தான் வைத்திருப்பார்கள், பிறகு கிடைக்காது.

வேம்படி (கேரி, வட கரோலினா)

எனக்கு வழக்கே கிடையாது. ஆனாலும் நகல் வாங்கினேன்.

2018இல் ஒரு வேலை உறுதியாகி, பின்னணிச் சோதனையில் நின்றது. சோதனை செய்த நிறுவனம் வேறொரு கவுண்டியில் என் மீது தாக்குதல் வழக்கு இருப்பதாக எழுதியிருந்தது. பெயர் அதேதான், அப்பா பெயர் உட்பட. பிறந்த வருடம் பதினொன்று தள்ளி இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. 1970இல் வந்த கடன் அறிக்கைச் சட்டம் இந்தச் சோதனைக்கும் பொருந்தும். எழுத்தில் மறுத்தால் 30 நாளில் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆனால் எனக்கு 30 நாள் இல்லை.

ராலே கோர்ட்டின் பொதுக் கணினியில் தேடி வழக்கு எண்ணை எடுத்தேன். அந்தக் கவுண்டிக்குப் போய்க் கோப்பைக் கேட்டேன். நான் யார், ஏன் கேட்கிறேன் என்று ஒரு கேள்வி கிடையாது. மேசையில் வைத்தார்கள். அந்த ஆளின் உயரம், எடை, வீட்டு முகவரி, மனைவி கொடுத்த புகார் எல்லாம் இருந்தன. மூன்றாவது தாளில், 'மொழிபெயர்ப்பாளர் தேவை: தமிழ்' என்று ஒரு கட்டத்தில் கையால் எழுதியிருந்தது.

அதுவரை அவர் எனக்கு ஒரு தொல்லையாக மட்டுமே இருந்தார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கோப்பை மூடிவிட்டேன். 25 டாலர் கட்டி, என் பெயரிலும் பிறந்த தேதியிலும் எதுவுமில்லை என்ற சான்றைக் கிளார்க்கிடம் வாங்கினேன். வேலை கிடைத்தது. அவருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாரா, அந்தப் பெண் என்ன ஆனார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நகல் பிரிவு (திருச்சி)

மகனோடு டெக்சாஸில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் நீதிமன்ற நகல் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவன்.

வேம்படி தம்பி, நீங்கள் அந்தக் கோப்பைப் படித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களிடம் வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால், காரணம் சொல்லி, பிரமாண வாக்குமூலத்துடன் மனுப் போட்டு, நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க சி.என்.ஆர். அடையாள எண் போட்டு யாரும் பார்க்கலாம், அது வேறு. ஒரு பெண் அழுதுகொண்டே கொடுத்த வாக்குமூலத்தை எவரோ ஒருவர் மேசையில் விரித்துப் படிப்பது வேறு.

வேம்படி

ஐயா, படித்ததால்தான் அது நான் இல்லை என்று காட்ட முடிந்தது. கோர்ட் பதிவுகளைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்று 1978இலேயே இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூடி வைத்திருந்தால் அந்த நிறுவனம் சொன்னதே உண்மையாக நின்றிருக்கும். ஆனால் நீங்கள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இங்கே எழுதினேன்.

ராரிட்டன் ஓரம்

செங்காந்தள், அம்மா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று தாளையும் கேட்டு நாளையே போகிறேன். வைகைக்கரையான் ஐயா, நகல் கிடைத்ததா? பெயரை மாற்றித் தர முடியுமா என்று கேட்டீர்களா?

வைகைக்கரையான்

கிடைத்தது சகோதரி. பக்கத்துக்கு ஒரு டாலர், முத்திரைக்கு ஐந்து. பெயரைப் பற்றிக் கேட்டேன். கவுன்டரில் மாற்ற முடியாது, நீதிபதியிடம் மனுப் போட வேண்டும் என்றார் அந்த இளைஞர். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி எழுதி, பழைய பாஸ்போர்ட்டின் நகலையும் சேர்த்து நேர்காணலுக்கு வைத்திருக்கிறேன். செங்காந்தள் சொன்னதால் குற்றச்சாட்டுத் தாளுக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

நகலில் இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று விண்ணப்பத்தோடு போகும். இன்னொன்று பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவோடு பேசுகிறேன். குடியுரிமை வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கிறார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.