ஜெர்மனிக்கு ஓ பேர்: எதை நம்பி அனுப்புவது?

கோபி வாய்க்கால்கரை:
இளைய மகள் ஈரோட்டில் பி.எஸ்சி. முடித்தாள். கோவையில் ஜெர்மன் படித்து தொடக்க நிலையான ஏ1 தேர்விலும் தேறிவிட்டாள். இப்போது ஓ பேர் திட்டத்தில் ஓராண்டு ஜெர்மனி போகிறேன் என்கிறாள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மொழியும் பழக்கவழக்கமும் கற்றுக்கொள்வதாம். தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுப் பணம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. முகவர் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். "சொந்த வீட்டுப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்வார்கள்" என்று உறுதி சொல்கிறார். மனைவிக்கு விருப்பமில்லை. எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் தணிக்கையாளன்:
ஐயா, மகளைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் இந்த முகவர் வேண்டாம்.

ஜெர்மனியில் ஓ பேருக்கு விதிகள் தெளிவாக இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது 18 வயது நிரம்பி, 27 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுப்பு. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, மொழி வகுப்புக்கு 70 யூரோ. காப்பீட்டைக் குடும்பமே கட்ட வேண்டும், தனி அறையும் தர வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போக முடியாது.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் முகவர் ஓ பேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. நம் பணத்தில் ஏறக்குறைய பதினைந்தாயிரம். நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உங்கள் முகவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "இது வேலை அல்ல, கலாச்சாரப் பரிமாற்றம்" என்று நழுவுவார். அப்படியானால் ஒன்றரை லட்சம் எதற்கு என்று கேளுங்கள்.

நொய்யல்:
தணிக்கை அண்ணா எழுதியதில் பொய் எதுவுமில்லை. ஆனால் அந்த விதிகளை யார் பார்ப்பார்கள்? நூற்பாலைக்குள் தொழிற்சாலை ஆய்வாளராவது எப்போதாவது வருவார். ஒரு வீட்டின் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே நின்று மணியைக் கணக்கிட எவரும் வருவதில்லை.

நான் பெண்பிள்ளையாக ஒரு மில் விடுதியில் இருந்தவள். நம் பக்கத்தில் சுமங்கலித் திட்டம் தெரியாதவர்கள் யார்? இளம்பெண்கள் மில்லில் மூன்று ஆண்டுகள் வேலையை முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை, இடையில் நின்றால் அது கிடைக்காது. எங்கள் அப்பாவிடமும் "உங்கள் வீட்டுப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறோம்" என்றுதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் மேசையில் இருக்கும் தொலைபேசியில் பேச விடுவார்கள். வார்டன் அம்மா பக்கத்திலேயே நிற்பார். "நன்றாக இருக்கிறேன் அப்பா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? அந்தப் பக்கம் அப்பாவும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார்.

அதனால் ஐயா, எத்தனை மணி நேரம், எத்தனை யூரோ என்று கேட்பதற்கு முன்னால், பிடிக்காவிட்டால் என் மகள் எப்படி வெளியே வருவாள் என்று கேளுங்கள்.

திருப்பூர் தணிக்கையாளன்:
அம்மணி, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் சுமங்கலித் திட்டத்தையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஓ பேருக்கு ஐரோப்பிய கவுன்சில் 1969லேயே ஒப்பந்தம் எழுதியது. வேலைக்கு உச்சவரம்பு, வாரந்தோறும் முழுநாள் ஓய்வு, எழுத்துமூல உடன்படிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. எழுத்தில் வந்த பிறகுதான் எதையும் கேட்க முடியும். திருப்பூரில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தணிக்கை என்று வரத் தொடங்கிய பிறகுதான் சம்பளச் சீட்டு, தீயணைப்பு வழி, பெண்களுக்குக் கழிவறை எல்லாம் வந்தன. என் தொழிலே அதுதான், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நொய்யல்:
தணிக்கைக்காரர் வரும் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா அண்ணா? எங்களுக்குத் தெரியும். முந்தின நாள் விடுதிக்குப் புதிய பாய் வரும்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஓ பேருக்கு வாரம் 195.75 டாலர் குறைந்தபட்சம் என்று வைத்தார்கள். ஓ பேர்களைக் குடும்பங்களில் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் பதினைந்தும் சேர்ந்து அதையே எல்லோருக்கும் நிலையான தொகையாக ஆக்கிவிட்டன என்று 2014இல் டென்வரில் ஓ பேர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2019இல் 65.5 மில்லியன் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டன. இத்தனைக்கும் அரசின் அனுமதியும் முத்திரையும் உள்ள நிறுவனங்கள். நார்வேயோ 2024இல் திட்டத்தையே நிறுத்திவிட்டது.

திருப்பூர் தணிக்கையாளன்:
வழக்குப் போட்டு வாங்க முடிந்தது என்றால் அதற்கும் ஒரு விதி இருந்ததுதானே காரணம்? நிறுத்துவதால் என்ன நடக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் இருக்கிறது. கொடுமை நடக்கிறது என்று 1998இல் ஐரோப்பாவுக்கு ஓ பேர் அனுப்பத் தடை போட்டார்கள். பெண்கள் போவது நிற்கவில்லை, வேறு வழியில் போனார்கள். அரசின் கண்ணில் படாமல் போனதுதான் மிச்சம். பிறகு அந்தத் தடையைப் படிப்படியாக விலக்கினார்கள்.

பொள்ளாச்சி டு மியூனிக்:
இரண்டு பேரும் போகிற பெண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். வரவேற்கிற குடும்பமும் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தில் நான் இருக்கிறேன். கணவர் ஜெர்மானியர், இரண்டு பிள்ளைகள். இப்போது எங்களோடு இருக்கும் பெண் ஜார்ஜியாவிலிருந்து வந்தவள். திரையில் மட்டுமே பார்த்த ஒருத்தியிடம் மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது எளிதல்ல. 1997இல் அமெரிக்காவில் ஓ பேர் பார்த்துக்கொண்ட எட்டு மாதக் குழந்தை இறந்து பெரிய வழக்கானது. இன்றைக்கு அங்கே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட 200 மணி நேர அனுபவத்துக்குச் சான்று இல்லாமல் ஓ பேரை அனுப்ப முடியாது. தரம் என்பது இரண்டு பக்கத்துக்கும் வேண்டும்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காலை 7 முதல் 9 வரை, பிற்பகல் 3 முதல் 6 வரை என்று நேரம் எழுதி, நாள் முடிந்ததும் அவளே தன் கையெழுத்தில் உண்மையான மணியைக் குறிப்பாள். ஒருநாள் எங்களுக்குத் தாமதமாகி ஏழரை ஆகிவிட்டால் அதுவும் ஏறும், அந்த வாரத்திலேயே வேறு நாளில் கழியும். தொடக்கத்தில் அவள் கூடுதல் நேரத்தை எழுதத் தயங்கினாள். "பரவாயில்லை, குழந்தையோடு விளையாடிக்கொண்டுதான் இருந்தேன்" என்பாள். அந்தப் "பரவாயில்லை"யை ஏற்றுக்கொள்ளாதது குடும்பத்தின் கடமை என்று நினைக்கிறேன். இங்கே சுரண்டல் பெரும்பாலும் கதவைப் பூட்டி நடப்பதில்லை. கொஞ்சம் இஸ்திரி, கொஞ்சம் மாமியார் வீட்டுத் துப்புரவு என்று நைசாக வந்து சேரும்.

கோபி வாய்க்கால்கரை:
அம்மா, உங்களைப் போன்ற குடும்பம் அமையும் என்று எப்படி அறிந்துகொள்வது?

சத்தி மல்லிகை:
ஐயா, நான் ஜெர்மனியில் ஓ பேராக இருந்தவள், இப்போது செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். முன்கூட்டியே முழுதாக அறிய முடியாது. ஆனால் சில கேள்விகள் உதவும். அந்த வீட்டில் இதற்கு முன் இருந்த ஓ பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். நல்ல குடும்பம் உடனே தரும். முந்தைய பெண் பாதியில் போய்விட்டாளா, ஏன் என்று அவளிடமே தமிழிலோ ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ உங்கள் மகள் தனியாகப் பேசட்டும், நீங்களும் முகவரும் பக்கத்தில் இல்லாமல்.

முகவரைப் பற்றியும் ஒன்று. ஜெர்மனியில் 2002 முதல் ஓ பேர் முகவர் தொழில் நடத்த முன்அனுமதி தேவையில்லை, தொழில் பதிவு போதும். அதனால்தான் ரால் தரமுத்திரை என்று ஒன்றைத் தாங்களாகவே ஏற்றுக்கொண்ட முகவர்கள் தனியாக இருக்கிறார்கள். அது கட்டாயமில்லை, விரும்பினால் வாங்குவது. முத்திரை உள்ளவரா என்று கேளுங்கள்.

என் முதல் குடும்பம் எனக்கு ஒத்துவரவில்லை. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் இல்லை. மொழி வகுப்பு நாளில் மட்டும் தவறாமல் ஏதாவது வேலை வந்துவிடும். என் முகவர் வேறு குடும்பம் தேடித் தந்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லி மாற்றிக்கொண்டேன். நொய்யல் அக்கா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. என் தோழி ஒருத்திக்கு முகவரே போனை எடுக்கவில்லை.

நொய்யல்:
பார்த்தீர்களா. ஒரே நாடு, ஒரே விதி. ஒருத்திக்குப் போனை எடுக்க ஆள் இருந்தது, இன்னொருத்திக்கு இல்லை. அமெரிக்கத் திட்டத்தை நான் திட்டினேன், ஆனால் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஓ பேர் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஓர் ஒருங்கிணைப்பாளர் வசிக்க வேண்டும், மாதம் ஒருமுறை அவளோடு பேச வேண்டும். நம் ஊர் முகவர் எவரேனும் அங்கே அப்படி ஓர் ஆளின் பெயரைக் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அதுவரை ஐயா, திரும்பி வரும் விமானப் பயணத்துக்கான பணத்தை மகளின் பெயரிலேயே வங்கியில் போடுங்கள், முகவரிடம் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்க வேண்டும். பணம் இருக்கிறது, எந்த நேரமும் கிளம்பலாம், ஏன் என்று நாங்கள் கேட்க மாட்டோம் என்று நீங்களும் அம்மாவும் விமானம் ஏறுவதற்கு முன்பே அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லவில்லை. பாதியில் வந்தால் ஊர் என்ன பேசும் என்ற பயத்திலேயே நான் மூன்று ஆண்டுகளையும் முடித்தேன்.

திருப்பூர் தணிக்கையாளன்:
பணத்தை மகள் பெயரில் போடுவது சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் முகவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறோம். முதல் மூன்று மாதத்தில் குடும்பம் மாற வேண்டி வந்தால் முகவர் கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். திரும்ப நேர்ந்தால் வாங்கிய பணத்தில் இவ்வளவு திருப்பித் தர வேண்டும். இதை இங்கேயே, தமிழில், முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள் ஐயா. கையெழுத்துப் போட மறுக்கிற முகவரோடு மேற்கொண்டு பேசாதீர்கள். மாதிரி ஒப்பந்தம் ஒன்றை நான் எழுதி இங்கே இடுகிறேன். சத்தி அம்மணி, விடுபட்டதை நீங்கள் சேருங்கள்.

நொய்யல்:
எழுதுங்கள் அண்ணா. மொழி வகுப்பு நாளில் வேலை வாங்கக்கூடாது என்பதை முதல் வரியாகப் போடுங்கள்.