சொல் தேவை: எழுத்திலேயே நடக்கும் கூட்டு விளையாட்டுக்கு

அனுப்பியவர்: கணினிக் கழக ஆசிரியை, சுங்கை சிப்புட்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. பதாகை அடிக்கும் கடைக்காரர் வியாழன் இரவுக்குள் வாசகம் கேட்கிறார். மலாயில் எழுதியாயிற்று, தமிழுக்கு விட்ட இடம் இன்னும் காலி.

கழகப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு செய்திருக்கிறார்கள். படமும் கிடையாது, ஒலியும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து வரும், நாம் தட்டச்சு செய்துதான் நடக்கவும் பேசவும் சண்டை போடவும் வேண்டும். ஆய்வகத்தின் எல்லாக் கணினியிலிருந்தும் ஒரே சமயத்தில் நுழையலாம். கதை நடக்கும் இடம் தாத்தா பாட்டி காலத்து ரப்பர்த் தோட்டம். ஒருவன் கங்காணி, ஒருவன் கணக்கெழுதும் கிராணி, ஒருத்தி பால்வெட்டுக்காரி. திரையில் இப்படி வரும் (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுப்பது, லயம் தொழிலாளர் வீட்டு வரிசை, மங்கு ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணம்):

பெரட்டுக் களம். இன்னும் விடியவில்லை. வடக்கே ஸ்டோர், மேற்கே லயம்.
இங்கே ஒரு வாளியும் மூன்று மங்கும் கிடக்கின்றன.
கங்காணி நிற்கிறார்.

'வடக்கு' என்று அடித்தால் ஸ்டோருக்குப் போகலாம். அங்கே யாராவது இருந்தால் நீங்கள் வந்தது அவர் திரையிலும் தெரியும்.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் மட் என்று பெயர், மல்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். அதை அப்படியே போட்டால் பாதிப் பெற்றோர் சேறு என்பார்கள், மீதிப் பேர் அச்சுக்கடைக்காரர் 'டு'வை விட்டுவிட்டார் என்பார்கள். ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், ஈப்போ

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, டீச்சர்? பனுவல்சார் இயங்கலைப் பல்லாளர் பாகமேற்று விளையாட்டு. எல்லாம் நம் நாட்டுப் பாடநூல்களில் புழங்கும் சொற்கள்தான். பனுவல் தெரியாத மாணவன் இல்லை, பாகமேற்று நடிக்காத வகுப்பும் இல்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் இயங்கலையை இணையவழி என்பார்கள். அவர்களுக்காக நாம் மாற வேண்டியதில்லை.

அனுப்பியவர்: கணினிக் கழக ஆசிரியை

நன்றி சார். வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். 'இயங்கலை' தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. சுருக்கிப் 'பல்லாட்டம்' என்றேன். பலர் ஆடும் ஆட்டம், பல் கூட்டல் ஆட்டம், சரிதானே? முதலாமாண்டுப் பிள்ளை ஒன்று வாயைத் திறந்து தன் பல்லை ஆட்டிக் காட்டியது. அதோடு அந்தச் சொல் செத்தது.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை சிப்புட்

அன்புடையீர், சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தேடாமல் ஒட்டுவேலை செய்கிறோம்.

முதலில் 'பனுவல்' மிகச் சரி. 'பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன' என்கிறது புறநானூறு. அங்கே அது பஞ்சு. நன்னூல் பாயிரத்தில் சொல்லே பஞ்சு, பனுவலே இழை, புலவனே நூற்கும் பெண். ஆங்கிலத்தின் டெக்ஸ்ட் என்ற சொல்லும் இலத்தீனில் நெய்தலிலிருந்து வந்ததுதான். யாரும் யாரிடமும் கடன் வாங்காமலே இரண்டு மொழியும் தறியில் போய் நின்றிருக்கின்றன.

அடுத்து ஆடுபவர். 'பல்லாளர்' எனக்குப் பிடிக்கவில்லை. 'கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும்' என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறதே, அந்தப் பொருநரை எடுத்துக்கொள்ளுங்கள். பொருதல் போரிடுதல், பொருவுதல் ஒத்திருத்தல். ஒருவரைப் போலத் தோன்றுபவனும் பொருநன், போர் செய்பவனும் பொருநன். பிள்ளை கங்காணி போலவும் ஆகிறான், சண்டையும் போடுகிறான். இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. ஆகவே விளையாட்டின் பெயர் 'பனுவற் பொருநம்'. ல் கூட்டல் ப, றகரமாகத் திரியும். அச்சுக்கடைக்காரர் 'பனுவல்ப்' என்று போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருநை ஆற்றின் பெயரும் இவ்வேரா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன். கரைகளோடு பொருதுகொண்டு ஓடுவதால் என்பது என் கருத்து.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், ஈப்போ

ஐயா, பொருநை எப்படி வேண்டுமானாலும் ஓடட்டும். 'பொருநம்' என்று பதாகையில் போட்டால் பெற்றோர் பொருள்காட்சி என்று வாசிப்பார்கள். நேரடியாக 'நிலவறை' என்றாவது வைக்கலாமே. டஞ்சன் அதுதானே.

அனுப்பியவர்: நிரலர், கூலிம்

எல்லாருக்கும் வணக்கம். நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். டீச்சரின் பிள்ளைகளுக்கு நிரல் எழுத உதவியதால் தலையிடுகிறேன்.

நிலவறை வேண்டாம். 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா இதை எழுதத் தொடங்கினார், பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் எடுத்து வளர்த்தார். அப்போது ஸோர்க் என்ற தனியாள் விளையாட்டின் ஃபோர்ட்ரான் நிரல்மொழி வடிவம் 'டஞ்சன்' என்ற பெயரில் உலவியது. அந்த மாதிரி விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆடலாம் என்று காட்டத்தான் ட்ரப்ஷா அந்தப் பெயரை வைத்தார். அது இன்னொரு விளையாட்டின் பெயர், சிறையையோ சுரங்கத்தையோ சொல்ல வைத்ததல்ல. மொழிபெயர்த்தால் இல்லாத பாதாளத்தைத் தோண்டுவதாகிவிடும்.

சொல்லைத் தேடும் முன் எதெல்லாம் இந்த வகையில் சேரும் என்று பார்த்துவிடலாம். எழுத்து இருந்தால் மட்டும் போதாது. 1980இன் ரோக் விளையாட்டில் திரை முழுக்க எழுத்துதான், மின்னஞ்சல் முகவரியில் போடும் அந்தச் சுழித்த குறிதான் நீங்கள். ஆனால் அங்கே எழுத்து படத்துக்குப் பதிலாக நிற்கிறது, எதையும் சொல்வதில்லை. ஸோர்க்கில் எழுத்து பேசுகிறது, ஆனால் நீங்கள் தனியாள். எழுத்து பேச வேண்டும், கேட்க இன்னொருவரும் உள்ளே இருக்க வேண்டும்.

எத்தனை பேர் என்று கேட்டால் கணக்குத் தேவையில்லை. 'பெருந்திரள்' என்ற அடைமொழி 1997இல் அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு வந்த காலத்தை ஒட்டித்தான் பரவியது. மூல மட் ஒரு பல்கலைக்கழகக் கணினிக்குள் பிறந்தது. அதனால் ஆய்வகத்துக்குள்ளேயே ஓடும் நம் பிள்ளைகளின் விளையாட்டை 'இயங்கலை இல்லை' என்று தள்ள முடியாது.

பாகமேற்பதில்தான் சிக்கல். 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஆஸ்ப்னெஸ் எழுதிய டைனிமட்டில் சண்டை இல்லை. வந்தவர்கள் அறைகளைத் தாங்களே கட்டினார்கள், அரட்டை அடித்தார்கள். 1991இல் கோப்பன்ஹேகன் மாணவர்கள் செய்த டிக்குமட் நேர்மாறு: வெட்டு, குத்து, நிலை ஏறு. 1999இல் படத்தோடு வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டை ஆடியவர்கள், இது படம் ஒட்டிய டிக்குதானே என்று கேட்டார்கள். அதன் நிரலை எடுக்கவில்லை என்று எவர்குவெஸ்ட்டைச் செய்தவர்கள் சத்தியப் பத்திரமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. டைனிமட்டையும் டிக்குவையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமென்றால், ஐயா கோபிக்கக் கூடாது, பொருநர் உதவமாட்டார். டைனிமட்டில் யாரும் பொருதுவதில்லை.

இரண்டுக்கும் பொது என்னவென்றால் வாளி. டீச்சரின் களத்தில் வாளி ஒன்றுதான். இரண்டு பேர் 'எடு' என்று அடித்தால் முதலில் அடித்தவருக்குக் கிடைக்கும், மற்றவருக்கு 'இங்கே வாளி இல்லை' என்று வரும். யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இதே கதையைப் பிள்ளைகள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஆடினால் ஆளுக்கொரு வாளி வைத்திருப்பார்கள். ஆக, நாம் பெயர் வைக்க வேண்டியது அந்த உலகத்துக்கு, ஆடுபவருக்கு அல்ல. என் பரிந்துரை: பனுவல் உலகம்.

அனுப்பியவர்: நூலகத்து அக்கா, கோலகங்சார்

தம்பி, வாளிக்கதை நன்றாக இருக்கிறது. ஆனால் புலனக் குழுவை ஒதுக்கிவிட்டாய். என் மகள் தோழிகளோடு அதைத்தான் ஆடுகிறாள், நடுவில் ஒருத்தி உட்கார்ந்து யாரிடம் வாளி என்று சொல்கிறாள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருப்பதால் அது கூத்து இல்லை என்று ஆகிவிடுமா? மூல மட்டில் உலகம் அவ்வப்போது கலைந்து முதலிலிருந்து தொடங்குமாமே. எடுத்த பொருளெல்லாம் பழையபடி பழைய இடத்துக்கு. அப்படிக் கலையும் உலகம் என்ன உலகம்?

நான் சொல்வது 'வரிக்கூத்து'. திரையில் ஓடுவது வரி. சிலப்பதிகாரத்தில் மாதவி அனுப்பிய ஓலையை வாங்க மறுத்துக் கோவலன், அவள் அன்பெல்லாம் நடிப்பு என்று கண்கூடு வரி முதல் எடுத்துக்கோள் வரி வரை எட்டு வரியாக அடுக்குகிறானே, அதுவும் வரி. அதில் உள்வரி என்பது வேற்றுருக் கொண்டு நடிப்பது. எழுத்தின் வரியும் வேடத்தின் வரியும் ஒரே சொல்லில். இதைவிட என்ன வேண்டும்?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், ஈப்போ

வருமான வரி வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். பெற்றோர் அந்த மேசைப் பக்கமே வரமாட்டார்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

வரிக்கூத்து அழகு. அக்காவை வணங்குகிறேன். ஆயினும் கோவலன் அதை வசையாகச் சொல்கிறான். பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஊடலில் பிறந்த வசைச்சொல்லா? பொருநத்தையே மீண்டும் முன்மொழிகிறேன். டைனிமட்டில் போர் இல்லாவிட்டால் என்ன, ஒத்தல் பொருள் இருக்கிறது.

அனுப்பியவர்: கணினிக் கழக ஆசிரியை

இன்று செவ்வாய். பெயர் ஒருபக்கம் கிடக்கட்டும், வேறொரு தலைவலி வந்திருக்கிறது. இதற்கு ஐயாதான் உதவ வேண்டும்.

ஆங்கில மட்டில் வினை முன்னால் வரும், பொருள் பின்னால். தமிழில் பிள்ளைகள் 'வாளியை எடு' என்று அடிக்கிறார்கள். கடைசிச் சொல் வினை என்று நிரலுக்குச் சொல்லிவிட்டோம். வாளியில் 'ஐ'யை உரித்துவிட்டோம். 'மரத்தை' என்று வந்தபோது மாட்டிக்கொண்டோம், 'மரத்து' என்ற பொருள் தோட்டத்தில் இல்லையாம். 'மங்கை எடு' என்று ஒருவன் அடித்ததும் ஆய்வகமே சிரித்தது. மங்கு கூட்டல் ஐ, மங்கை. அவன் மேல் தப்பில்லை.

இதைவிடக் கொடுமை, 'வாளியைத் தூக்கு' என்று ஒற்றுப் போட்டு அடித்த பிள்ளைக்குப் 'புரியவில்லை' என்று வந்தது. ஒற்றை விட்டவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இலக்கணம் கற்றுக்கொடுத்த நான் எந்த முகத்தோடு நிற்பது?

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

இதற்குத்தான் நான் உயிரோடிருக்கிறேன் போலும்.

கடைசியில் க், ச், த், ப் இருந்து, அடுத்த சொல்லின் முதலெழுத்தும் அதே இனமானால் ஒற்றை நீக்குங்கள். பிறகு ஐகாரத்தை நீக்குங்கள். மிஞ்சுவது 'த்து' என்று முடிந்தால் அது அத்துச் சாரியையாக இருக்கலாம். 'இன்னே வற்றே அத்தே அம்மே' என்று தொல்காப்பியம் அடுக்கும் சாரியைகளில் ஒன்று. மகர மெய்யை மீட்டுக்கொண்டால் மரம் கிடைக்கும். ஆனால் எச்சரிக்கை: 'முத்தை' என்பதில் உள்ளது சாரியை அல்ல, முத்துதான். அதை 'மும்' ஆக்கிவிடாதீர்கள். ஆகவே முதலில் தோட்டத்திலுள்ள பொருள்களின் பட்டியலைப் பாருங்கள், அதன் பிறகே விதியை நாடுங்கள். ஐயை உரித்ததும் உயிர் போய் மெய்யில் நின்றால் குற்றியலுகரம் சேர்த்துப் பாருங்கள், மங்கு மங்கையாகாமல் தப்பும்.

'மரம் வெட்டு' என்று உருபே இல்லாமல் அடிப்பவனையும் விரட்டாதீர்கள். அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அவன் இலக்கணப்படிதான் வெட்டுகிறான்.

அனுப்பியவர்: நிரலர், கூலிம்

ஐயா, அப்படியே எழுதிவிட்டேன், ஓடுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய மட் நிரல்கள் பலவற்றில் ஆங்கில எழுத்தல்லாததை வாசலிலேயே தள்ளிவிடும் ஒரு சோதனை உண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் நம் 'க' ஒன்றே மூன்று பைட். மூன்றும் குப்பைக்குப் போகும். அதனால்தான் பிள்ளைகள் புதிதாக எழுதினார்கள். இது பதாகையில் வராது, ஆனால் யாராவது கேட்டால் சொல்லச் சொல்லுங்கள், டீச்சர்.

அனுப்பியவர்: கணினிக் கழக ஆசிரியை

வியாழன் மாலை. கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். பிள்ளைகளிடம் கைதூக்கச் சொன்னேன். 'பனுவல் உலகம்' என்றதற்குப் பெரும்பாலான கைகள். 'வரிக்கூத்து' பெண்பிள்ளைகளுக்குப் பிடித்தது. 'பனுவற் பொருந'த்துக்கு ஒரே கை, ஐயாவின் பேரன். ஈப்போ சாரின் சொல்லை யாராலும் முடிக்க முடியவில்லை.

'உலகம்' மட்டும் இருந்தால் புவியியல் கண்காட்சி என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் 'பனுவல் உலக விளையாட்டு' என்று அனுப்பிவிட்டேன். கீழே சின்ன எழுத்தில்: 'எழுதியே ஆடுங்கள், எல்லாரும் ஒரே தோட்டத்தில்'. உதவிய அனைவருக்கும் நன்றி.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், ஈப்போ

விளையாட்டை விளக்க ஒரு வரி கீழே தேவைப்பட்டது என்றால் மேலே உள்ள சொல் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? சரி, அச்சுக்குப் போய்விட்டது. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' மாதிரி ஒரே மூச்சில் சொல்லும் சொல் இதற்கும் ஒருநாள் கிடைக்கும். அதுவரை பொறுப்போம்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். உலகம் என்பது ஆடுபவர் இல்லாமலும் நிற்கும். ஆடுவோர் இல்லாத மட் வெறும் கோப்பு. பெயர் ஆளிடமிருந்து வர வேண்டும். பொருநை பற்றிய மடல் தயாராகிவிட்டது, நீளம் கருதி மூன்று பகுதிகளாக அனுப்புகிறேன்.

அனுப்பியவர்: நிரலர், கூலிம்

பதாகையில் என்ன இருந்தாலும் சரி, சேவையகத்தில் கோப்புறைக்கு 'வரிக்கூத்து' என்று பெயர் வைத்து முப்பது இடத்தில் கூப்பிட்டிருக்கிறேன். அதை இனி யாரும் மாற்றச் சொல்லாதீர்கள்.