கிராவல் பாதைக்குத் தமிழில் என்ன? (தார் வராத பாதையும் தார் வேண்டாத பாதையும்)

அனுப்புநர்: வே.ரா., மியூனிக்

குழுவினருக்கு வணக்கம்.

சைக்கிள் ஓட்டும் நம் ஊர் நண்பர்கள் சிலருக்காக ஒரு வழிக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நிற்கிறேன்.

இடம், இத்தாலியின் வடக்கே உள்ள தொலொமீத்தி மலைகள். தொப்பியாக்கோ என்ற ஊரிலிருந்து கோர்த்தினா வரை சுமார் 30 கி.மீ. சைக்கிள் பாதை. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் அது. முதல் உலகப் போரின்போது போடத் தொடங்கினார்கள். 1921இல் முழுவதும் திறந்தார்கள். 1956இல் கோர்த்தினாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது கூட்டத்தைச் சுமந்த இந்த ரயில், 1964க்குள் நின்றுபோனது. இப்போது தண்டவாளம் இல்லை, தடம் மட்டும் இருக்கிறது. தொப்பியாக்கோ சுமார் 1,250 மீட்டர் உயரம். வழியின் உச்சியான சீமாபாங்கே கணவாய் 1,530 மீட்டர். பாதித் தூரத்துக்கு ஏற்றம்தான். ஆனால் ரயில் ஏறிய சரிவு என்பதால் என்னைப் போன்ற தொப்பைக்காரனுக்கும் மூச்சு வாங்காது. வழியில் இரண்டு ஏரிகள், போரில் இறந்த ஆஸ்திரிய-ஹங்கேரி வீரர்களின் கல்லறைத் தோட்டம், கணவாயைத் தாண்டி இறங்கும்போது பழைய ரயில் குகைகள், ஆழமான ஓடையின் மேல் ஒரு பாலம்.

தரையில் பெரும்பாலும் தாரும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. வெளிர் நிறப் பொடிக்கல்லைக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். காரோ பைக்கோ உள்ளே வர முடியாது. ஆங்கிலக் குறிப்புகள் இதை மூன்றே சொல்லில் (traffic-free gravel path) முடித்துவிடுகின்றன. நான் ‘போக்குவரத்து இல்லாத சரளைப் பாதை’ என்று எழுதி வீட்டில் காட்டினேன். “யாருமே போகாத, ஜல்லி பேர்ந்த ரோடா? அங்கே ஏன் போகணும்?” என்று கேட்டாள் மனைவி.

கேட்டது நியாயம்தான். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

* * *

அனுப்புநர்: த.மா., மதுரை

‘நெரிசலற்ற சரளை ஈருருளித்தடம்’. இதில் என்ன சிக்கல்?

* * *

அனுப்புநர்: சு.கி., சேலம்

தம்பி வே.ரா. வீட்டம்மா சொன்னதுதான் சரி. முப்பது வருஷத்துக்கு மேல் ரோட்டு வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஊரில் சரளை என்றால் முடிக்காத வேலை. ஒன்றரை இஞ்சு ஜல்லியைப் பரப்பிவிட்டு, அடுத்த பில் பாஸாகும்வரை ஒப்பந்தக்காரர் காணாமல் போயிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும். ஆறு மாதம் அப்படிக் கிடந்த ரோட்டைப் பார்த்தவனுக்கு ‘சரளைப் பாதையில் ஆனந்தமாகச் சைக்கிள் ஓட்டலாம்’ என்று எழுதினால் கேலி செய்வதாகத்தான் படும்.

நீங்கள் சொல்லும் பாதை வேறு சங்கதி. கல்லைக் கொட்டினால் மட்டும் பாதை ஆகிவிடாது. கல்லுக்கு முனை இருக்க வேண்டும். ஆற்றில் உருண்ட கூழாங்கல் ஒன்றையொன்று பிடிக்காது, சக்கரத்துக்கு அடியில் நழுவும். பெரிய கல்லின் சந்தில் சின்னக் கல், அதன் சந்தில் தூள், இப்படி இறங்கி அடைய வேண்டும். தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் எல்லாம் கட்டிக்கொள்ளும். நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் மழையிலேயே ஓடை விழும். மலையில் இதற்குத்தான் பாதி உழைப்பு. தாருக்கு முன்னால் உலகம் முழுக்க நல்ல ரோடு என்பது இதுதான்.

தூளோடு கலந்து இறுகும் இந்தக் கல்மண்ணை எங்கள் பக்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம், ‘மொரம்பு’ என்போம். எழுத்தில் முரம்பு. மேஸ்திரிக்கும் தெரியும், அகராதியிலும் இருக்கும். மொரம்பு அடித்த ரோடு என்றால் சைக்கிள் போகும் என்று அர்த்தம். ஜல்லி போட்ட ரோடு என்றால் போகாது என்று அர்த்தம்.

‘கிராவல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் ஒன்று: தமிழ்ச் செய்திகளில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். டிப்பர் லாரி பறிமுதல், கிராவல் மண் கடத்தல், மூன்று பேர் கைது. வேறெதுவும் வராது.

* * *

அனுப்புநர்: ச.பா., பருத்தித்துறை

ஐயா சொல்லுறது விளங்குது. ஆனால் எங்கட பக்கம் ‘கிரவல் றோட்டு’ என்டால் ஒரு கடத்தலும் இல்லை. பிரதேச சபை போட்டுத் தாற சாதாரண ஒழுங்கை அது. ஆங்கிலச் சொல்தான், எண்டாலும் எங்கட ஆக்களின்ர வாயில தேய்ஞ்சு தமிழாகிட்டுது. அதைக் கழிச்சுப்போட வேண்டாம்.

இன்னொரு சொல்லும் இருக்கு: மக்கி. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். அந்தக் கல்லின்ர உதிரியைப் போட்டு இறுக்கினால் மக்கி றோட்டு. மழைக்குப் பிறகு நல்லாய் இறுகிக் கிடக்கும், வெயிலுக்கு வெள்ளையாய்க் கண்ணைக் கூசும். தம்பியின்ர மலையிலயும் கல் சுண்ணக்கல் வகைதானே? அதுதான் அங்கேயும் வெள்ளை.

மதுரை ஐயாவிடம் ஒரு கேள்வி. நெரிசல் இல்லை என்டால் வாகனம் கொஞ்சமாய் வரும் என்டுதானே அர்த்தம்? வரவே வராது என்ட அர்த்தம் எங்கே? ‘போக்குவரத்து இல்லாத’ என்டதும் பிழை. சைக்கிள்காரன் போறதும் வாறதும் போக்குவரத்துத்தான். ‘வாகனம் இல்லாத’ என்டு எழுதினால் சைக்கிளும் வாகனம்தான்.

* * *

அனுப்புநர்: வே.ரா., மியூனிக்

மக்கி என்ற சொல் எனக்குப் புதிது, அக்கா. கல்லைப் பற்றி நீங்கள் ஊகித்ததும் சரி. சுண்ணக்கல்லின் உறவுக்காரக் கல் அது, சுண்ணத்தோடு மக்னீசியமும் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்த தொலொமியூ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் முதலில் கல்லுக்கு தொலொமைட் என்று பெயர் வந்தது. பிறகு அதே பெயர் மலைக்கும் ஒட்டிக்கொண்டது. இத்தாலியர்கள் இப்படிப்பட்ட பாதைகளைப் பொதுவாக ‘ஸ்தெர்ராத்தோ’ என்பார்கள். ‘தெர்ரா’ என்றால் மண். நடு இத்தாலியின் தொஸ்கானாவில் அதற்கே ‘ஸ்திராதா பியாங்கா’ என்று பெயர். அப்படியே வெள்ளைச் சாலை. பருத்தித்துறை ஒழுங்கைக்கும் பொருந்துகிற பெயர்!

தொஸ்கானா மலைப் பகுதி அல்ல, குன்றுப் பகுதிதான். ஆனால் என் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 1997இல் காயோலே என்ற சிற்றூரிலிருந்து பழைய சைக்கிள்களில் ஓர் உலா கிளம்பியது, ‘லெரோயிக்கா’ என்ற பெயரில். வெள்ளைச் சாலைகளைத் தார் மூடிவிடக் கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2007இலிருந்து சியேனா நகரில் முடியும் தொழில்முறை சைக்கிள் பந்தயமும் நடக்கிறது, இப்போது அந்தச் சாலைகளின் பெயரிலேயே. வடமேற்கே பியெமோந்தேயில் பினெஸ்திரே கணவாய் இருக்கிறது, 2,178 மீட்டர். ஏற்றத்தின் கடைசி எட்டு கிலோமீட்டர் இன்னும் கல்தரைதான். 2005இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் முதன்முதலாக அதன்மேல் ஏறியது. அதற்குப் பிறகும் பல முறை ஏறியிருக்கிறது. யாரும் அதைத் தார் போட்டுச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்கவில்லை.

அதாவது, நம் ஊர்ச் சொற்கள் எல்லாம் இன்னும் தார் வராத சாலையைச் சொல்கின்றன. எனக்கு வேண்டியது தார் வேண்டாத சாலைக்குச் சொல். சேலத்து ஐயாவின் மொரம்பில் அது பாதி கிடைக்கிறது. அதில் குறை ஒலிக்கவில்லை, ‘அடித்த’ வேலையின் கைப்பக்குவம்தான் ஒலிக்கிறது.

அடுத்து, மோட்டார் வராதது. பினெஸ்திரேக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல் மலைமுதுகிலேயே ஓடும் அசியெத்தா சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். படைகளுக்காகப் போட்ட பழைய சாலை. 1747இல் அந்த மேட்டில் பியெமோந்தேக்காரர்கள் பிரெஞ்சுப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். இன்று அது மாகாணச் சாலை எண் 173. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் புதனும் சனியும் பகலில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. மற்ற நாட்களில் ஜீப்பும் பைக்கும் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். ஆக ‘இல்லாத’, ‘அற்ற’ எதுவும் இங்கே உதவாது. அது பாதையின் இயல்பு அல்ல, பாதைக்குப் போட்ட சட்டம். தொப்பியாக்கோ தடத்தில் எந்நாளும் சட்டம், அசியெத்தாவில் வாரத்துக்கு இரண்டு நாள் சட்டம்.

அதனால் ‘மோட்டார்விலக்கு’ என்று ஒன்றைத் தோன்றியபடி வைக்கிறேன். மதுவிலக்கு, வரிவிலக்கு போல. மோட்டார்விலக்குப் பாதை, மோட்டார்விலக்கு நாள் என்று இரண்டுக்கும் வளைகிறது.

இடையில் ஒன்று. காட்டுக்குள் மரம் வெட்டப் போட்டு, வனத்துறை வாயிலில் கம்பம் குறுக்கே போட்டு மூடிய பாதைகளும் ஆல்ப்சில் ஏராளம். அவற்றுக்குப் புதுச் சொல் வேண்டவே வேண்டாம். வால்பாறைப் பக்கம் போனவர்களைக் கேளுங்கள், ‘கூப்பு ரோடு’ என்பார்கள்.

* * *

அனுப்புநர்: த.மா., மதுரை

நெரிசல் விஷயத்தில் அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். ஈருருளியை விடமாட்டேன்.

மோட்டார்விலக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மதுவிலக்கை ஒட்டிச் சொல் செய்தால் மதுவிலக்கின் நாற்றமும் ஒட்டும். விலக்கு என்றதும் ‘பின்வாசலில் கிடைக்கும்’ என்றுதான் தமிழன் நினைப்பான். வரிவிலக்கில் வேறு சங்கடம்: அங்கே வரியிலிருந்து ஆளை விலக்குகிறோம், இங்கே பாதையிலிருந்து மோட்டாரை விலக்குகிறோம். மோட்டார்விலக்கு நாள் என்றால் மோட்டாருக்குச் சலுகை தரும் நாள் என்று ஒருவன் படித்தால் என்ன செய்வீர்கள்?

கல்லுக்கு ‘பரல்’ இருக்கிறதே! சங்கப் பாலைப் பாட்டில் பரலும் முரம்பும் ஒன்றாகவே வரும். முரம்பு எடுத்தவர் பரலை ஏன் விட்டார்? பரல்வழி. ஓசையைப் பாருங்கள். சிலம்புக்குள் இருப்பதும் பரல்தான். சக்கரத்தின் அடியில் அது சலசலக்கும்.

* * *

அனுப்புநர்: சு.கி., சேலம்

ஓசை நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனால் சிலம்புக்குள் பரல் சலசலப்பது அது இறுகாமல் கிடப்பதால்தான். பாதையில் கல் சலசலத்தால் ரோலர் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். மேலும் பாலைப் பாட்டில் அந்தக் கல் வருவது காலைக் கிழிப்பதற்கு. தலைவன் அந்த வழியே போகவேண்டாம் என்று தலைவி கலங்குவாள். தம்பி எழுதுவது, போங்கள் என்று சொல்லும் குறிப்பு.

* * *

அனுப்புநர்: ச.பா., பருத்தித்துறை

சேலத்து ஐயாவுக்கு நூறு புள்ளி.

விலக்குக்குப் பதிலாய் ‘மோட்டார் புகாத’ என்டு வைக்கலாமே? தடைச் சட்டமும் அதுக்குள்ள வரும், பின்வாசலும் இல்லை. ‘புதனும் சனியும் மோட்டார் புகாத நாள்’. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். கலைச்சொல் எண்டால் ஒட்டித்தான் எழுதவேணும் என்டு ஆர் சொன்னது?

* * *

அனுப்புநர்: வே.ரா., மியூனிக்

மதுரை ஐயா, சலுகை நாள் குழப்பம் நான் யோசிக்காதது. விலக்கை விலக்கிவிட்டேன். அக்காவின் ‘மோட்டார் புகாத’வை எடுத்துக்கொள்கிறேன்.

முரம்போடு சாலையைச் சேர்ப்பதா, பாதையையா, வழியையா என்று நேற்று இரவு எழுதிப் பார்த்தேன். சாலை என்றதும் பேருந்து வந்துவிடுகிறது. வழி என்றால் தரை கண்ணுக்குத் தெரிவதில்லை. கோவைக்காரன் நான், எங்களுக்குத் தடம்தான் வாயில் வரும்: வண்டித்தடம், தோட்டத்துக்குப் போகிற தடம். தண்டவாளம் கிடந்த இடத்துக்கும் தடம் பொருந்துகிறது. ஆகவே முரம்புத்தடம். ஈழத்து வாசகர்களுக்கு முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘மக்கி றோட்டு’ என்று சேர்த்துவிடுகிறேன். சைக்கிளை சைக்கிளாகவே விட்டுவிட்டேன், மதுரை ஐயா மன்னிக்க வேண்டும். கடையில் விற்கும் கிராவல் சைக்கிளையும் அந்தப் பெயரிலேயே விட்டுவிட்டேன். அகல டயர், வளைந்த கைப்பிடி உள்ள அந்த வண்டியை முரம்பு சைக்கிள் என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார்.

குறிப்பின் தொடக்கம் இப்போது இப்படி நிற்கிறது:

“தொப்பியாக்கோவிலிருந்து கோர்த்தினா வரை 30 கி.மீ. மோட்டார் புகாத முரம்புத்தடம். பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றம் மெதுவானது. பக்கத்திலேயே 51ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுவதால் லாரிச் சத்தம் கேட்கும், லாரி வராது. குகைகளுக்குள் இருட்டாக இருக்கும், விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் இதே தடம் பனிச்சறுக்குக்காரர்களுடையது, அப்போது சைக்கிளோடு போகாதீர்கள்.”

மனைவியிடம் காட்டினேன். “முரம்புன்னா?” என்று கேட்டாள். மொரம்பு என்றேன். “அட, மொரம்பு. அதை அப்படியே எழுத வேண்டியதுதானே” என்றாள்.

எழுதலாமா? குழு சொல்லட்டும்.