கிரிமினல் வழக்கில் அப்பீல் எந்தக் கோர்ட்டுக்கு? எங்களுக்கு நடந்தது

அப்பா வேன் ஓட்டுபவர். விபத்து வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு வருடம் தண்டனை விழுந்தது. அப்பீல் என்றாலே ஹைகோர்ட் என்றுதான் என் மனதில் இருந்தது, அன்று மத்தியானமே மதுரைக் கிளைக்குப் பஸ் ஏறக் கிளம்பிவிட்டேன். வக்கீல் குமாஸ்தாதான் நிறுத்தினார். "தம்பி, தண்டனை கொடுத்தது யாருன்னு பாருங்க. மாஜிஸ்திரேட்னா அதுக்கு மேல இருக்கிற மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டு. செஷன்ஸ் ஜட்ஜே கொடுத்தாத்தான் ஹைகோர்ட்டு."

அப்பா ஜாமீனில் இருந்தவர், தண்டனையும் மூன்று வருடத்துக்குள்தான், அதனால் அப்பீல் போடும்வரை மாஜிஸ்திரேட்டே தண்டனையை நிறுத்தி வைத்தார். கெடு 30 நாள். ஹைகோர்ட்டுக்கு என்றால் 60. தீர்ப்பு நகலில், நகல் கேட்டு மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் சீல் குத்தி எழுதியிருக்கும், அந்த இடைப்பட்ட நாட்களைக் கெடுக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தயவுசெய்து நகல் மனுவைத் தீர்ப்பு நாளன்றே போட்டுவிடுங்கள்.

செஷன்ஸிலும் தண்டனை உறுதியானது. அப்புறம் ஹைகோர்ட்டில் இரண்டாவது அப்பீல் கிடையாது, சீராய்வு மனு மட்டும்தான், அதில் சாட்சியத்தை முதலிலிருந்து அலச மாட்டார்கள். செஷன்ஸில் நாங்கள் சரியாகக் காட்டாமல் விட்ட ஒரு சாட்சியின் முரண்பாடு இன்னும் உறுத்துகிறது.

— — —

தம்பி, நான் எதிர்ப்பக்கம். வேறொரு வழக்கில் அடிபட்டவள். மண்டையில் ஆறு தையல். அதில் குற்றம் சாட்டப்பட்டவரை மாஜிஸ்திரேட் விடுதலை செய்ததும், இனி போலீஸ் மனசு வைத்தால்தான் உண்டு என்று வீட்டில் எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். 2009 கடைசியில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம் என்று எனக்குச் சொன்னது இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல்தான். தண்டனை கொடுத்திருந்தால் அவர் எந்தக் கோர்ட்டுக்கு அப்பீல் போயிருப்பாரோ, நானும் அதே செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போனேன். போன மாதம் அப்பீல் கோர்ட்டில் பதிவாகி நம்பராகிவிட்டது.

— — —

என் மச்சானை, "ஒப்புக்கொள், அபராதத்தோடு முடிந்துவிடும்" என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். மூன்று மாதம் கொடுத்துவிட்டார்கள். தானே ஒப்புக்கொண்ட வழக்கில் தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் அப்பீலில் கேட்க முடியும், நான் குற்றமே செய்யவில்லை என்று வாதாட முடியாது. இதை அவரிடம் முன்பே சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை.