மொரிஷியஸுக்கு முதலில் போனது யார்? 1834ஆ, 1735ஆ?

புதுவையான்:
காலையிலேயே எரிச்சல். யூடியூபில் ஒருவர், மொரிஷியஸ் மண்ணில் இந்தியன் முதன்முதலாகக் கால் வைத்தது 1834 நவம்பர் 2, அட்லஸ் கப்பலில் வந்த 36 பேர்தான் என்று தழுதழுக்கிறார். அதற்கு நூறு வருஷம் முன்பே, 1735இல் பிரெஞ்சு கவர்னராக வந்த லபூர்தொனே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்துத்தானே தலைநகர் போர்ட் லூயிசைக் கட்டினார்? அவர்களெல்லாம் காலே வைக்காமல் மிதந்தார்களா?

கரும்புக்காடு:
வந்துட்டாரய்யா, "நாங்கதான் முதல்" கோஷ்டி! சார், உங்கள் கொத்தனார்கள் கொஞ்சம் பேர். 1834க்கு அப்புறம் ஒப்பந்தக் கூலியாக வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம். அவர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கி ஏறிய ஆப்ரவாசி காட் படிக்கட்டைத்தான் 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது, கொத்தனார் கட்டிய சுவரை அல்ல.

புதுவையான்:
தலையை எண்ணச் சொன்னேனா? ஆண்டைக் கேட்டேன். 1735.

பொதுவன்:
அடிமையாக வந்தவர், கூலிக்கு வந்தவர், சுதந்திரமாக வந்தவர், இதில் யாரை "வந்தவர்" என்கிறோம்? அதை முதலில் பேசிக்கொண்டால்...

புதுவையான்:
1735. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே போர்ட் லூயிசில் நம்மாட்களுக்குத் தனிக் குடியிருப்பே இருந்தது. படித்துவிட்டு வாங்க தம்பி.

கரும்புக்காடு:
தம்பியா? எனக்குப் பேரன் இருக்கிறான்.

லெமோர்ன்:
இரண்டு பேருக்கும் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள் மனிதர்களாகவே தெரியவில்லையா? 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது சுமார் 20 லட்சம் பவுன் நஷ்டஈடு போனது தோட்ட முதலாளிகளுக்கு. அடிமையாக இருந்தவனுக்குச் சல்லிக்காசு இல்லை, அதற்குமேல் சில வருஷம் அதே முதலாளியிடம் பயிற்சி வேலை என்ற பெயரில் கட்டிப்போட்டார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் உங்கள் 1834 கப்பல்.

புதுவையான்:
அம்மா, அது தனிக் கதை. இங்கே பேச்சு இந்தியர் பற்றி.

லெமோர்ன்:
அந்த அடிமைகளில் இந்தியரும் இருந்தார்கள். அதுவும் தனிக் கதையா?

புதுவையான்:
நான் சொல்வதைத்தானே சொல்கிறீர்கள்! 1834க்கு முன்பே இந்தியர்! இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஊர் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம்தான் இந்தி. 1998இல் வரிசையை மாற்றி அச்சடித்தார்கள், தமிழர்கள் கொதித்தெழுந்ததும் நோட்டையே திரும்பப் பெற்றார்கள். சும்மாவா? முதலில் போனவன் என்ற உரிமை. 100 ரூபாய் நோட்டில் இருப்பது யார்? நம்ம தமிழ் வம்சாவளி அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன்!

கரும்புக்காடு:
25 ரூபாய் நோட்டில் சீன வம்சாவளிக்காரர் இருக்கிறார். அப்போ சீனர்தான் முதலில் வந்தார்கள் என்பீர்களா? போன வருஷம் சோழர் இழையிலும் இதே ஆட்டம்தான் ஆடினீர்கள்.

புதுவையான்:
அதில் நீங்கள் பாதியிலேயே ஓடியதை ஊரே பார்த்தது.

கரும்புக்காடு:
ஓடவில்லை. இழையைப் பூட்டிவிட்டார்கள்.

பொதுவன்:
டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறியபோதே...

புதுவையான்:
டச்சுக்காரன் 1710இல் மூட்டை கட்டிவிட்டான், அவனை விடுங்கள். 1735க்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள் அவரை.

கரும்புக்காடு:
1834.