நெட் தேர்வு பாஸ் பண்ணாமல் பல்கலைக்கழக புராஜெக்ட் வேலைக்கு விண்ணப்பம் போடலாமா? உதவி தேவை

மண்டபம்_பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி கடல் உயிரியல் முடித்துவிட்டு மண்டபத்தில் வீட்டில்தான் இருக்கிறேன். சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கடல்பாசி புராஜெக்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) இடம் ஒன்று, மாதம் 37,000, நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி கட்டாயமாம். அதற்குக் கீழேயே புராஜெக்ட் அசோசியேட் (திட்டப் பணியாளர்) இடம் ஒன்று, எம்.எஸ்சி போதும். என்னிடம் நெட் இல்லை, இரண்டுக்குமே போட்டு வைக்கவா? 'தாவரவியல், விலங்கியல் அல்லது சார்ந்த பாடம்' என்று போட்டிருக்கிறது, கடல் உயிரியல் அதில் வருமா? போன தடவை வேறோர் இடத்துக்கு அனுப்பி பதிலே வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

லேப்_அண்ணன்:
ஜேஆர்எஃப்பை விட்டுவிடும்மா. பேராசிரியரே மனசு வைத்தாலும் முடியாது, பணம் கொடுக்கிற துறையின் விதி அது. அசோசியேட்டுக்குப் போடு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2020 ஆணையில் நெட், கேட் உள்ளவர்களுக்கு மாதம் 31,000, மற்றவர்களுக்கு 25,000, வீட்டு வாடகைப்படி தனி என்று வைத்திருந்தார்கள். கடல் உயிரியல் சார்ந்த பாடம்தான், ஆனாலும் மதிப்பெண் பட்டியலில் பாசி, தாவரம் சம்பந்தமான தாள்களைக் கோடு போட்டுக் காட்டிவிடு, அலுவலகத்தில் சரிபார்க்கிறவருக்குக் கடல் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

தொண்டி_ரகு:
பதில் வராதது பற்றி. பயோடேட்டாவில் என்ன எழுதினீங்க? 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணிபுரிவேன்' மாதிரியா?

மண்டபம்_பொண்ணு:
கிட்டத்தட்ட அதேதான் அண்ணே 😅

தொண்டி_ரகு:
அதுதான் விஷயம். நம்ம ஊர்ப் பெண்களிடம் பாசி கேட்டால் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று தனித்தனியாகக் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் எதிலிருந்து அகார், எதிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் எடுக்கலாம் என்று அறிவியல் பெயரோடு சொல்லத் தெரிந்த எம்.எஸ்சி ஆள் அந்தப் பேராசிரியருக்குக் கிடைத்தால் விடுவாரா? குவாட்ரட் (சதுரச் சட்டம்) போட்டு பாசியை எண்ணியது, வத்தையில் (சின்னப் படகில்) போய் மாதிரி எடுத்தது, பெண்கடல் (பாக் விரிகுடா) எப்போது கலங்கும், ஆண்கடலில் (மன்னார் வளைகுடாவில்) எப்போது இறங்கலாம் என்று தெரிந்தது, இதையெல்லாம் முதல் பக்கத்திலேயே எழுதுங்க. புராஜெக்ட் வேலையில் தேர்வு எழுதியா ஆள் எடுக்கிறார்கள்? அந்த வேலையை நாளைக்கே தொடங்கக் கூடியவரைத்தான் தேடுகிறார்கள்.

லேப்_அண்ணன்:
ரகு சொல்வது சரி. இன்னொன்று, இது புராஜெக்ட் முடிந்தால் முடிந்துவிடும் வேலை, பிஎச்.டி சேர்க்கை இதோடு வராது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்கணும். வேலை பார்த்துக்கொண்டே சிஎஸ்ஐஆர் (மத்திய அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகம்) நடத்தும் நெட் தேர்வின் உயிர் அறிவியல் பாடத்துக்குப் படி. அப்புறம் சென்னை மட்டும் பார்க்காதே. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது, உங்க ஊரிலேயே சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) மையம் இருக்கிறது, கடல்பாசிக்கென்றே சிஎஸ்ஐஆரின் ஆய்வு நிலையமும் இருக்கிறது. அவர்கள் இணையதளங்களில் விளம்பரப் பக்கத்தை அடிக்கடி பார், பல விளம்பரங்களுக்குக் கெடு ரொம்பக் குறைவு.

மண்டபம்_பொண்ணு:
நன்றி அண்ணே. வாட்ஸ்அப்பில் ஒருத்தர் அதே வேலைக்குப் 'பதிவுக் கட்டணம்' 1,500 கேட்கிறார், கட்டவா?

தொண்டி_ரகு:
ஐயோ வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பிடிஎஃபில் இல்லாத கட்டணத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. நேர்காணலுக்குப் பயணப்படியும் தர மாட்டார்கள் என்று பெரும்பாலும் அதிலேயே போட்டிருக்கும், அந்த 1,500-ஐ ராத்திரி ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்க. ஒரிஜினல் சான்றிதழ்களை மறக்காம எடுத்துட்டுப் போங்க.