மினி கன்சோல் வாங்கினவங்க வாங்க, உங்க கதையச் சொல்லுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், இன்னைக்குத்தான் உக்கார முடிஞ்சுது. 2018 ஆகஸ்ட்ல அமெரிக்கால இருந்து வந்த மாமா, அக்கா வீட்டுக்காரர், சூட்கேஸத் தொறந்து துணிக்கு அடியில இருந்து ஒரு சின்ன அட்டப்பெட்டி எடுத்துக் குடுத்தாரு. நின்டெண்டோ என்இஎஸ் கிளாசிக், அதாவது நின்டெண்டோவோட பழைய டிவி கேம் மெஷின் என்இஎஸ்ஸ கேம்கள உள்ளயே வச்சு குட்டியா செஞ்சது. சாம்பல் கலர், உள்ளங்கைல தூக்கி வச்சுப் பாக்கலாம், அவ்ளோதான் சைஸ். 2016 நவம்பர்ல மொத மொத வந்தப்பவே அவர்ட்ட சொல்லி வச்சிருந்தேன், அப்போ 60 டாலர்தான் வெல, ஆனா கடைக்கு வர்றதும் தெரியாது போறதும் தெரியாது, வாங்கி வச்சவங்க ரெண்டு மடங்கு மூணு மடங்குக்கு விக்க ஆரம்பிச்சுட்டாங்க, 2017 ஏப்ரல்ல தயாரிக்கிறதையே நிறுத்திட்டாங்க. சரி இனிமே கெடைக்காதுன்னு விட்டுட்டேன். 2018 ஜூன் கடைசில திரும்பக் கொண்டு வந்தாங்க பாருங்க, அப்ப மாமா ஞாபகம் வச்சு வாங்கிட்டாரு.

இதுல ஒரு விஷயம் சொல்லணும். எங்க வீட்ல ஒரிஜினல் என்இஎஸ் எப்பவுமே இருந்ததில்ல. எங்க தெருவுல யார் வீட்லயும் இருந்ததில்ல. இருந்ததெல்லாம் "டிவி கேம்". 1996 தீபாவளி போனஸ்ல அப்பா மதுர டவுன்ஹால் ரோட்ல வாங்கிட்டு வந்தாரு, செவப்பும் வெள்ளையுமா ஒரு பெட்டி, அதுகூட ஒரு மஞ்ச கேசட், மேல 9999999 இன் 1னு போட்டிருக்கும். உள்ள போனா நாலஞ்சு கேம்தான், அதையே வேற வேற ஸ்டேஜ்ல ஆரம்பிச்சு வேற வேற பேர் குடுத்து ரொப்பி வச்சிருப்பாங்க. கேம் வரலன்னா கேசட்ட உருவி அடியில ஊதிட்டு மறுபடி சொருகணும், அது தெருவுல எல்லாப் பசங்களுக்கும் தெரிஞ்ச வைத்தியம். அந்தப் பெட்டி 1983ல ஜப்பான்ல வந்த ஃபேமிகாமோட, அதாவது என்இஎஸ்ஸோட ஜப்பான் வடிவத்தோட, காப்பின்னு எனக்குக் காலேஜ் முடிச்சு நெட்ல படிக்கும்போதுதான் தெரியும். அதாவது நான் 20 வருஷமா ஏங்கிட்டு இருந்தது ஒரு நகலுக்காக. அசல நான் மொத தடவ தொட்டது இந்தக் குட்டிப் பெட்டிலதான். இதுவும் உள்ள ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்தான், பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர்ங்கிற சாஃப்ட்வேர்தான் ஓடுதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த கன்ட்ரோலர் கைல உக்காந்த விதம் இருக்கே, நாலு மூலையும் கூரா உள்ளங்கைய அழுத்தும்ல, அதே அழுத்தம். ஒரு நிமிஷம் அப்படியே புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

தம்பி திருப்பூர்ல இருக்கான், அவனுக்கு ஃபோன் போட்டு சொன்னேன், அந்த வாரமே வந்துட்டான். மொத வேலையா சின்ன வயசுல ஆடின துப்பாக்கிச் சண்ட கேம் கான்ட்ராவத் தேடினோம். 30 கேம் இருக்கு, கான்ட்ரா இல்ல! அதோட ரெண்டாவது பாகம் சூப்பர் சி தான் இருக்கு. சரின்னு அதப் போட்டோம். டைட்டில் வந்ததும் தம்பி வெரல் தானா மேல மேல கீழ கீழ எடது வலது எடது வலது பி ஏன்னு அடிச்சுது, கான்ட்ராவுல 30 உயிர் தர்ற கோட் அது, 22 வருஷம் ஆச்சு மறக்கல, ஆனா 30 உயிர் வரல. அப்புறம் தேடிப் பாத்தா சூப்பர் சிக்கு கோட் வேற, வலது எடது கீழ மேல ஏ பி ஸ்டார்ட், அதுவும் 10 உயிர்தான் தருது. பழைய கோட் மொதல்ல வந்தது கிரேடியஸ்ல, அந்த கேமும் இதுல இருக்கு, ஆடும்போது பாஸ் பண்ணிட்டு அடிச்சா கூடுதல் ஆயுதங்க வந்துருது. அது வேல செஞ்சப்ப ரெண்டு பேரும் கத்தின கத்துல அம்மா சமையக்கட்டுல இருந்து ஓடி வந்துட்டாங்க.

கன்ட்ரோலர் வயர் மூணு அடிகூட இல்ல. இதப் பத்தி எல்லா நாட்டுலயும் கொற சொன்னாங்க, நியாயம்தான், சோபால உக்காந்து ஆட முடியாது. அதனால நாங்க டிவிக்கு முன்னாடி தரைல பாய் விரிச்சு உக்காந்தோம், அம்மா பின்னாடி நின்னு "கண்ணு கெட்டுப்போகும்டா, தள்ளி உக்காருங்க"ன்னாங்க. எனக்கு 34 வயசு அப்போ.

இன்னொண்ணு, ரீசெட் அமுக்கினா ஆட்டம் எங்க இருக்கோ அங்கயே நிக்குது, ஒவ்வொரு கேமுக்கும் 4 எடத்துல சேவ் பண்ணிக்கலாம். சின்ன வயசுல சாயங்காலம் கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. மரியோல 7ஆவது உலகம் வர வந்துட்டு லைட் அணைஞ்சு, அப்படியே இருட்டுல கன்ட்ரோலரப் புடிச்சுட்டு உக்காந்திருந்த ராத்திரி எத்தனையோ. அந்த இளவரசிய நான் மொத தடவ பாத்தது 2018லதான். தங்கச்சிக்கு மட்டும் ஏமாத்தம், அவளுக்கு வாத்து சுடுற கேம்தான் வேணும், அது இதுல கெடையாது. அந்தத் துப்பாக்கி பழைய குண்டு டிவியோட வெளிச்சத்தப் புடிச்சுதான் வேல செய்யும், ட்ரிகர் அமுக்குனதும் திரை ஒரு கணம் கறுப்பாகி வாத்து இருக்குற எடம் மட்டும் வெள்ளையா மின்னும், அத துப்பாக்கி பாத்துக்கும். இப்ப இருக்குற டிவில படம் கொஞ்சம் தாமதமா வர்றதால கணக்கு தப்பிடும்.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க, எது வாங்குனீங்க, ஏன் வாங்குனீங்க.

*

அண்ணா, நான் கோயமுத்தூருங்க. நான் வாங்கினது ஒரிஜினல் இல்லீங்க. பாக்க அப்படியே அதே மாதிரி இருக்குமுங்க, 620 இன் 1னு போட்டு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைல வெச்சிருந்தாங்க, ஒரிஜினல் தானான்னு கேட்டதுக்கு ஆமான்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து பிரிச்சா எச்டிஎம்ஐ இல்ல, மஞ்ச வெள்ள ஒயரு. எங்க புது டிவில அந்த ஓட்டையே இல்லீங்க. அப்புறம் பெரியப்பா வீட்டுப் பழைய டிவிய தூக்கிட்டு வந்து மாட்டினேன். சத்தம் சுருதி தப்பி வருது, சேவும் கெடையாது, சுவிட்ச அமுத்துனா போச்சு.

ஆனா ஒண்ணு சொல்றனுங்க. சர்க்கஸ்காரன் சிங்கத்து மேல உக்காந்துட்டு நெருப்பு வளையத்துக்குள்ள தாவுற கேமு, கார் ஓட்டுற ரோடு ஃபைட்டரு, செங்கல் சுவத்த ஒடச்சுட்டே போற டேங்கு கேமு, இதெல்லாம் அதுல இருந்துச்சு. நீங்க சொல்ற 30ல இது ஒண்ணுமே இல்லீங்களே. அமெரிக்காவுல வளந்தவங்களுக்கு எது ஞாபகமோ அதத்தான் அவங்க பொறுக்கி வெச்சிருக்காங்க. நம்ம ஞாபகம் அந்த மஞ்ச கேசட்டுங்க, அத ஒரிஜினல் கம்பெனி எப்படி விக்கும். ஏமாத்தி வித்தவங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, அது வேற. ஆனா சிங்கத்து ஆட்டத்தோட பாட்டு வந்தப்போ எம்பட பெரியப்பா மகன் ரூமுக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்துட்டானுங்க, "டேய் இது எப்படிடா"ன்னு.

*

வணக்கம் அண்ணை. நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன், சொந்த இடம் யாழ்ப்பாணம். நீங்கள் கரண்ட் போனதைப் பற்றி எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். எங்களுக்கு அங்க வருசக்கணக்கா கரண்டே இல்லை. சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோ சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். டிவியில விளையாடுற சாமான் எண்டு ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது.

97இல கனடா வந்து சித்தப்பா வீட்டு பேஸ்மென்டில இருந்தம். எனக்கு 11 வயசு. சித்தப்பாவின்ர மூத்த மகன், எனக்கு அண்ணா முறை, அவர் ஒரு சூப்பர் நின்டெண்டோ, என்இஎஸ்சுக்கு அடுத்ததா வந்த மெசின், வச்சிருந்தவர். எனக்கு இங்கிலீஷ் வராது, பள்ளிக்கூடத்தில ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்துபோட்டு வீட்ட வந்து அவரோட மரியோ கார்ட் ஓடுவன். அதுக்குப் பாஷை தேவையில்லைத்தானே. அவர் ஒவ்வொரு நாளும் என்னை வெல்லுவார், நான் தோத்தாலும் அடுத்த நாள் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு இருப்பன். பிறகு வீடு மாறினம், அந்தப் பெட்டியை ஆரோ கராஜ் சேலில வித்துப்போட்டினம்.

2017 செப்டம்பர் 29, சூப்பர் நின்டெண்டோ கிளாசிக் வந்த அண்டைக்கு விடியக் காலமையே போய் லைனில நிண்டு வாங்கினனான். 21 விளையாட்டு, ரெண்டு கன்ட்ரோலர், வயரும் முதல் வந்ததை விட நீளம். அண்ணாவுக்கு அடிச்சுச் சொன்னன், வேலை முடிஞ்ச கையோட வந்திட்டார். அதில ஸ்டார் ஃபாக்ஸ் 2 எண்டு ஒரு விளையாட்டு இருக்கு. 1995இல செய்து கிட்டத்தட்ட முடிச்சுப்போட்டு, அடுத்த வருசம் நின்டெண்டோ 64 வரப்போகுது எண்டு வெளியில விடாமல் வச்சிட்டினம். 22 வருசம் பெட்டிக்குள்ள கிடந்தது, இந்தக் குட்டி மெசினிலதான் முதன்முதல் வெளியால வந்தது. அதுவும் முதல் ஸ்டார் ஃபாக்சில முதல் கட்டத்தை முடிச்சால்தான் திறக்கும். அண்டிரவு அதைத் திறந்து விளையாடேக்க எனக்கு ஒண்டு விளங்கிச்சு, இது அவருக்கும் புதுசு. சின்னனில அவருக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒண்டும் தெரியாது, இதில ரெண்டு பேரும் ஒரே இடத்தில இருந்து தொடங்கினம். பழசை வாங்கப் போய் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து முதன்முதல் விளையாடின புது விளையாட்டு அதுதான். விடிய 3 மணி மட்டும் இருந்தனாங்கள்.

இப்ப மகள் விளையாடுறா. பிழை விட்டால் பின்னுக்கு இழுத்துப்போட்டுத் திருப்பி விளையாடுற வசதி இருக்கெல்லோ, அதை அவதான் கண்டுபிடிச்சு எனக்குக் காட்டினவ.

*

மேல எழுதுன அண்ணனுக்கு ஒரு வணக்கம், படிச்சு முடிச்சதும் வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டேன்.

நான் டோக்கியோல நிஷிகசாய் பக்கம் இருக்கேன், ஐடி வேலதான். எனக்கு செகா கம்பெனியோட பழைய கேம் மெஷின் மெகா டிரைவ் சின்ன வயசுல பழக்கமே இல்ல, சொல்லப்போனா அந்தப் பேரே இங்க வந்துதான் கேள்விப்பட்டேன். 2019 செப்டம்பர்ல செகா மெகா டிரைவ் மினி வந்தப்ப ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஜப்பான்காரர், அம்பதத் தொட்டவர், லஞ்ச் டைம்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற அகிஹபாரா போகணும் வர்றியான்னு கேட்டாரு, அவ்ளோ பேசாத மனுஷன், அதனால கெளம்பிட்டேன். அவர் வாங்கினதும் அங்கயே ஒரு பெஞ்ச்ல உக்காந்து பிரிச்சாரு. கேசட் போடுற மூடி நெசமாவே தொறக்குது. உள்ள எதுவும் கெடையாது, போடவும் முடியாது, ஆனா தொறக்குது. வால்யூம் பட்டன் மேலயும் கீழயும் நகருது, அதனால சத்தம் கூடாது கொறையாது, ஆனா நகருது. அந்த மனுஷன் வால்யூம நகத்தி நகத்திப் பாத்துட்டு எதுவும் சொல்லாம தலய ஆட்டிட்டே இருந்தாரு. நானும் அன்னைக்கே ஒண்ணு வாங்கிட்டேன்.

இதச் செஞ்சவங்க எவ்ளோ ஆசையா செஞ்சிருக்காங்கன்னு வீட்ல போட்டப்பதான் தெரிஞ்சுது. எமுலேஷன் வேலைய எம்2ன்னு பழைய கேம்கள மறுபடி கொண்டு வர்றதுக்கே பேர் போன கம்பெனி செஞ்சிருக்கு, மெனுல வர்ற பாட்ட அந்தக் காலத்துலயே மெகா டிரைவ் கேமுக்கு இசை போட்ட யூசோ கோஷிரோ போட்டிருக்காரு. மொத்தம் 42 கேம். மெனுல மொழிய மாத்தினா எழுத்து மட்டும் மாறல, அட்டைப் படம் மாறுது, கேமே அந்தந்த நாட்டு வெர்ஷனா மாறிடுது. இதுல டெட்ரிஸ் வேற இருக்கு, மெகா டிரைவுக்குன்னு செஞ்ச டெட்ரிஸ் 1989ல உரிமைப் பிரச்சனைல கடைக்கு வராமயே நின்னுபோச்சு, 30 வருஷம் கழிச்சு இதுக்குன்னே புதுசா செஞ்சு சேத்துட்டாங்க. போதாக்கொறைக்கு மெகா டிரைவோட அந்தக் காலத்துல மாட்டின சிடி யூனிட், 32எக்ஸ் எல்லாம் பக்கத்துல சேத்து வைக்க குட்டி குட்டியா தனிப் பெட்டில வித்தாங்க, எதுவுமே வேல செய்யாது, வெறும் பொம்ம. பக்கத்து சீட்டுக்காரர் அதையும் வாங்கி ஆபீஸ் டேபிள்லதான் வச்சிருக்காரு.

*

எல்லாம் சரி ப்ரோ, ஆனா இதே கேம் எல்லாம் ஃபோன்லயே ஓடுதே, எதுக்கு இவ்ளோ காசுன்னு எனக்கு இன்னும் புரியல. தப்பா எடுத்துக்காதீங்க, நெசமாத்தான் கேக்குறேன். மினின்னு பேர் போட்டா எல்லாம் நல்லா இருக்கும்னும் சொல்ல முடியாது. பிளேஸ்டேஷன் கிளாசிக் 2018 டிசம்பர்ல 100 டாலருக்கு வந்துச்சு, 20 கேம்ல 9 கேம் ஐரோப்பா டிவிக்குன்னு செஞ்ச 50 ஹெர்ட்ஸ் வெர்ஷன், அதனால ஓட்டம் மந்தமா இருக்குன்னு எல்லாரும் எழுதினாங்க, கொஞ்ச நாள்லயே வெலய எறக்கிட்டாங்க. ஃபோன்ல ஆடினா இந்தத் தலவலியே இல்லையே?

*

நல்ல கேள்விதான் தம்பி, பதிவு போட்டவன்தான் பேசுறேன், நானும் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஃபோன்ல ஒரு மெமரி கார்டு ரொம்ப கேம் வச்சிருந்தேன், எண்ணிக்க ஆயிரத்தத் தாண்டும். என்ன ஆச்சுன்னா, ராத்திரி படுத்துட்டு லிஸ்ட்ட தள்ளித் தள்ளிப் பாப்பேன், ஒண்ணத் தொறந்து ரெண்டு நிமிஷம் ஆடுவேன், மூடுவேன், ஆபீஸ் மெசேஜ் வரும், தூங்கிடுவேன். ஒரு கேமும் முடிக்கல. இந்தப் பெட்டில 30தான், கூட்ட முடியாது. கூட்டுறதுக்கு வழி கண்டுபுடிச்சிருக்காங்கன்னு தெரியும், நான் தொடல. 30தான்னு ஆனப்புறம்தான் மெட்ராய்டு மாதிரி எனக்கு அதுவரைக்கும் பேர்கூடத் தெரியாத ஒண்ண உக்காந்து, பேப்பர்ல மேப் வரஞ்சு, மூணு வாரம் ஆடினேன். வரஞ்ச பேப்பர் இன்னும் அந்த அட்டப்பெட்டிக்குள்ளதான் இருக்கு.

அப்புறம் ஃபோன ஒருத்தர்தான் பாக்க முடியும். டிவில போட்டா வீடே பாக்குது. கோயமுத்தூர் தம்பி சொன்ன மாதிரி உள் ரூம்ல இருக்குறவன் எந்திரிச்சு வர்றான் பாருங்க, அது ஃபோன்ல நடக்காது. எங்கப்பா வாழ்க்கைல வீடியோ கேம் தொட்டதில்ல, ஓரத்துல நாற்காலி போட்டு உக்காந்து "எடது பக்கம் ஆமை வருது பாரு"ன்னு சொல்லிட்டே இருப்பாரு, டிவில ரெண்டு பக்கமும் ஏன் கறுப்பா இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, அந்தக் காலத்து டிவி அவ்ளோ அகலந்தான்பான்னு நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன்.

இன்னொரு கன்ட்ரோலர் தனியா வாங்கி வச்சிருக்கேன், பெட்டில ஒண்ணுதான் வரும். கரன்ட்டு அஞ்சு வோல்ட்டுதான், ஃபோன் சார்ஜரே போதும், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேணாம், அதுவும் இங்க இருக்குறவங்களுக்குச் சௌகரியம்.

என் தம்பி பொங்கலுக்கு வர்றான். மரியோ 3ல 8ஆவது உலகம், அந்த டேங்க் வரிசைக்கு முன்னாடி நிறுத்தி ரெண்டாவது எடத்துல சேவ் பண்ணி வச்சிருக்கேன். அவன் வர்ற வர அதத் தொறக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம், அவன்தான் லூயிஜி.